ஆறாம் வேற்றுமை

குற்றச்சாட்டு ஆங்கிலத்தில் வந்தது.
நாப்லா பிரித்துப் பார்த்தாள், மடித்தாள்,
தேநீர்க் கோப்பைக்கு அடியில் செருகினாள்.
"என் மொழியில் கேட்கட்டும், பதில் சொல்கிறேன்."
ரோஸ் அன் வீல் துறையில்
ஒன்பது வருடமாகக் கயிறு பிடிப்பவள்.
தீவுக்குப் போகும் படகை
அன்று ஒருநாள் அவிழ்க்கவில்லை.

அப்படித்தான் அந்தக் காகிதம்
ஃபெஷ்ட்டியின் மேசைக்கு வந்தது.
மொழிபெயர்ப்பாளன்.
சொல்லுக்கு இத்தனை சென்ட் என்று கூலி.
இரண்டாம் வரியிலேயே அந்தச் சொல் தேவைப்பட்டது.

அசூலீஃத்.

தொண்டையில் ஒரு சரளைக்கல்லை உருட்டி
பல்லோரம் நிறுத்த வேண்டும்.
நம் ஆய்தத்துக்கு இப்படியொரு வேலை
அயர்லாந்தின் மேற்குக் கரையில் காத்திருந்தது.

உள்ளே இருப்பது ஊல்,
பணிந்த என்று பொருள்.
லத்தீன் மண்ணில் முளைத்துத்
துறவிகளோடு வந்திறங்கியது.
எழுத்தில் நடுவே ஒரு மகரம் உண்டு,
வாயில் இல்லை.
பணிவு
தன் மெய்யைத் தானே விழுங்கிவிட்டது.

முன்னால் நிற்கும் அஸ், மறுப்பு.
தனியே விட்டால் அதே ஒலிக்கு
அருவி என்று அர்த்தம்.
இரண்டுக்கும் உறவில்லை என்கிறது அகராதி.
ஃபெஷ்ட்டி அகராதியை நம்புகிறவன்.
இருந்தாலும் அந்தப் பக்கத்தில்
விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தான்.

நம் கீழ்ப்படியாமை
முதலில் கீழே இறங்குகிறது,
படியில் நிற்கிறது,
அப்புறம்தான் தலையை ஆட்டுகிறது.
இது
வாசலிலேயே முடியாது என்கிறது.

பெண்பால்.
பணிவும் பெண்பால்தான்,
மறுப்பைச் சேர்த்தும் பால் மாறவில்லை.
பன்மை கிடையாது.
ஒரு கயிறு இரண்டு கயிறு என்பதுபோல்
எண்ண முடியாது அதை.
யாருடையது என்று மட்டும் கேட்கலாம்.

அவனது அவளது அவர்களது
மூன்றுக்கும் அங்கே ஒரே சொல், வெறும் அ.
அடுத்த சொல்லின் முகத்தைப் பார்த்துத்தான்
ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.
அவனது என்றால் ஒன்றும் ஆகாது, அசூலீஃத்.
அவளது என்றால் முன்னால் ஒரு மூச்சு, ஹசூலீஃத்.
அவர்களது என்றால் மூக்கு சேர்ந்துகொள்ளும்,
ஞசூலீஃத்.

வியாழக்கிழமை விசாரணை.
டீசல் வாடை, நனைந்த கம்பளிச் சட்டைகள்.
ஆம் என்றும் இல்லை என்றும்
தனிச்சொல் இல்லாத மொழி அது;
கேட்ட வினையையே திருப்பித் தர வேண்டும்.

அவிழ்க்கச் சொன்னார்களா?
சொன்னார்கள்.
அவிழ்த்தாயா?
அவிழ்க்கவில்லை.
காற்று கூடும் என்று நினைத்தாயா?
நினைத்தேன்.
கூடியதா?
கூடவில்லை.

அதுதான் உண்மை.
அன்று மாலை கடல்
தட்டில் ஊற்றிய பால்போல் கிடந்தது.
தீவில் ஒரு கல்யாணம்
கேக் இல்லாமல் நடந்து முடிந்தது.

பிறகு கடிதத்தை அவளே உரக்கப் படித்தாள்.
நான்காம் பத்தியில் நின்றாள்.
மறுபடி படித்தாள்.
மூச்சு இருக்க வேண்டிய இடத்தில்
ஞ.

பின்வரிசையில் இயந்திரம் பார்க்கும் கோலீன் எழுந்தான்.
"அவர்களது என்றால், என் கடிதம் எங்கே?"
சீட்டுக் கிழிக்கும் பையனும் எழுந்தான்,
எதற்கென்று சரியாகத் தெரியாமல்.
சமையற்கட்டு மோனிகா
கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

மேலாளர் பிரெண்டர்காஸ்ட்
தான் படிக்காமல் போட்ட கையெழுத்தையே பார்த்தார்.
ஃபெஷ்ட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்,
"பிழையா?"

ஃபெஷ்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
மாட்டினான். மறுபடி கழற்றினான்.
"இதையும் அவள் மொழியில் கேளுங்கள்.
வினை கிடைத்தால் பதில் சொல்கிறேன்."

பிரெண்டர்காஸ்டுக்கு வினை கிடைக்கவில்லை.

மாதக் கடைசியில் கணக்கு வந்தது,
முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
அந்த எழுத்துக்குத் தனியாகக் கூலி இல்லை.